பச்சை விழுந்தும் கடக்க முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையை மாலை நேரத்தில் கடப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. பாதசாரிகளுக்குப் பச்சை விழுந்த பிறகும், நின்றிருக்கும் கார்களுக்கு நடுவே புகுந்து மோட்டார் சைக்கிள்கள் பாய்கின்றன. இடது பக்கம் திரும்புகிறவர்களோ, சிவப்பு விளக்கு மற்றவர்களுக்குத்தான் என்று நினைக்கிறார்கள். அனுமதிக்கும் அறிவிப்புப் பலகை இல்லாத இடத்தில் சிவப்பில் இடது பக்கம் திரும்புவதும் குற்றமே. மஞ்சளைக் கண்டால் நிற்க வேண்டும்; பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டுமே போகலாம். இங்கே மஞ்சளைக் கண்டதும்தான் வேகமே பிறக்கிறது!

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் இது. கண் தெரிந்த நாம் ஒதுங்கிக்கொள்வோம். காதை மட்டும் நம்பிக் கால் வைப்பவர் என்ன செய்வார்? அண்மையில் ஒரு முதியவரின் வெள்ளைக் கோலின் முனையை உரசிக்கொண்டு உணவுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதசாரிகளும் சளைத்தவர்கள் அல்லர். பச்சை மனித உருவ விளக்கு மின்னத் தொடங்கினால் புதிதாகச் சாலையில் இறங்கக் கூடாது. நடுவில் இருப்பவர்கள் விரைந்து கடந்துவிட வேண்டும். நம்மவர்கள் அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்தபடி இறங்குகிறார்கள்.

சிவப்பு விளக்கை மீறினால் அபராதம் என்பது பலருக்குக் கேமரா இருக்கும் சந்திப்பில் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆகவே மாலை வேளையிலாவது போக்குவரத்துப் போலீசார் இங்கே நிற்க வேண்டும். பாதசாரிகளுக்கான பச்சை நேரத்தைச் சில விநாடிகள் கூட்டித் தரவும் வேண்டுகிறேன்.

வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்