நாயோடு மெட்டு ஏற வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சனி ஞாயிறு வந்தால் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் அன்பர்களுக்கு வணக்கம்.

கோம்பையிலிருந்து எழுதுகிறேன். கோம்பை நாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தக் கோம்பைதான். செவலை உடம்பும் கருத்த மூஞ்சியுமாக எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று படுத்திருக்கிறது. அதனால், நாயைக் கண்டாலே ஆகாத ஆள் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். அடிவாரத்தில் நாயோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடங்கள். மெட்டுக்கு, அதாவது மலை முகட்டைக் கடக்கும் கணவாய்க்கு, ஏறும் காட்டுப்பாதையில் மட்டும் அதைக் கூட்டிப் போகாதீர்கள். அந்தப் பாதைகளின் தடத்தைப் போனில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்பவும் வேண்டாம்.

எங்கள் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கேரளத்து இடுக்கி. கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ரோடு உண்டு. சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டுக் கேட்டு தேவாரத்துக்காரர்களுக்கு அலுத்தே போய்விட்டது. ரோடு இல்லாத இடத்தில் இருப்பது ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் தடமும் அப்படித்தான்; மூணாறுத் தேயிலை ரோப்வேயில் கோட்டகுடிப் பக்கம் இறங்கி போடிக்கு வந்த காலத்து வழி அது. யாருக்கும் தெரியாத பாதை என்று நீங்கள் படம் போடுகிறீர்கள். தலைச்சுமையோடு அதில் ஏறி இறங்கிய பாட்டிமார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேறிகளில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறுவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாய் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் எவ்வளவு சொன்னபடி கேட்கிற நாயாக இருந்தாலும் காட்டு வாசனை மூக்கில் ஏறிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. புதருக்குள் பாயும், குரைக்கும். எதிரே நிற்பது முயலா, காட்டுமாடா, யானையா என்று அது பார்க்கப் போவதில்லை. யானை திரும்பினால் நாய் எங்கே ஓடிவரும்? நேரே உங்கள் காலடிக்குத்தான். அரிக்கொம்பன் என்ற காட்டு யானை 2023 மே மாதக் கடைசியில் கம்பம் தெருவுக்குள் நடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கார் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பது வேறு, பாதையில் எதிரே பார்ப்பது வேறு.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. விரட்டுவதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். நாயை விட்டு முயல் பிடிப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். காட்டுக்குள் நாயோடு ஒருவரைப் பார்த்தால் வனக்காவலருக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது.

நாய் ஒன்றும் செய்யாமல் சும்மா நடந்து போனாலும் சிக்கல் தீரவில்லை. குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் இருந்தது தெரியவந்தது. எங்கள் மலையில் செந்நாயும் சிறுத்தையும் இருக்கின்றன. உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கலாம். உங்கள் படத்தைப் பார்த்துப் பின்னால் வரும் பத்துப் பேரின் நாய்க்கும் போட்டிருக்குமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தலைமுறை தலைமுறையாக மலைமாடு மேய்த்தவர்கள் இன்று காட்டு விளிம்பில் நின்று கையைப் பிசைகிறார்கள். அவர்கள் கண்முன்னே வாரக்கடைசி விருந்தாளி நாயோடு உள்ளே போனால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? பாதையோர ஊற்றில் கூலிக்குப் போகிற பெண்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வெயிலில் வந்த லாப்ரடார் நேரே அதில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அது நாயின் குற்றமில்லை.

அப்படியானால் எங்கே நடப்பது? பதினெட்டாம் கால்வாய்க் கரை இருக்கிறது. மலையை ஒட்டியே போகும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தென்னையும் மாவும். விடிகாலையில் நடந்தால் மலை முகட்டில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கண்மாய்க் கரைகளும் உண்டு. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் பக்கத்தில்தான். அங்கே வரைக்கும் வந்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு மணி நேரம் நடந்தும் பார்க்கலாம்.

அங்கேயும் கயிறு கையில் இருக்கட்டும். ஆட்டுக்கிடை வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். கிடை நாய்க்கு உங்கள் நாயின் வம்சம் தெரியாது. திராட்சைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. கம்பம் பன்னீர் திராட்சை நமக்கு அமிர்தம், நாய்க்கு விஷம். தின்றால் சிறுநீரகமே கெட்டுவிடும். கீழே உதிர்ந்து கிடப்பதை நக்கினாலும் ஆபத்துதான், மேலே அடித்த மருந்து வேறு.

ஒன்பது மணிக்கு மேல் பாறை கொதிக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சடை சடையாக முடி வளர்ந்த குளிர்தேசத்து நாயைச் சித்திரை வெயிலில் இழுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நடந்து முடித்ததும் காதுக்குள், கக்கத்தில், விரலிடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். மிளகளவு தட்டுப்பட்டால் உண்ணி. நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும்.

நாய் போன இடத்தில் கழிந்தால் அள்ளி எடுத்துக்கொண்டு போங்கள், அது வயல்வரப்பாக இருந்தாலும்.

எந்தக் கரை உடைந்திருக்கிறது, எந்தத் தோட்டத்தில் நேற்று மருந்து அடித்தார்கள் என்பது எந்த மேப்பிலும் இருக்காது. ஊர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "அண்ணே, நாயோட எந்தப் பக்கம் நடக்கலாம்?" என்று கேளுங்கள். வழியும் சொல்வார்கள், உங்கள் நாயைப் பற்றி நீங்கள் கேட்காத நாலு அபிப்பிராயமும் சேர்த்துச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
கோம்பைக்காரன் ஒருவன்