சிவப்பு பட்டன் வேலை செய்யவில்லை: டிரையர் கட்டுப்பாட்டுப் பெட்டி பற்றிய புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
தேயிலைத் தொழிற்சாலை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
தேயிலை இயந்திரத் தயாரிப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: டிரையரின் கட்டுப்பாட்டுக் கணினி ஓட்டத்தின் நடுவே தானாக நின்றதும், அவசர நிறுத்தப் பட்டன் வேலை செய்யாததும் குறித்து.

ஐயா,

வணக்கம். தேயிலைத் தூளைக் காய வைக்க உங்களிடம் வாங்கிய டிரையரின் இரும்பிலோ தட்டிலோ விசிறியிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. தூள் நன்றாகவே காய்கிறது. அதை ஓட்டுவதற்கென்று பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி வைத்தீர்களே, என் புகார் அதைப் பற்றித்தான்.

போன மே மாதம், கொழுந்து வரத்து உச்சத்தில் இருந்த சமயம். அன்று லீஃப் வண்டிகள் இருட்டிய பிறகும் வந்துகொண்டிருந்ததால் இரவு ஷிப்ட் நீண்டுவிட்டது. விடியற்காலை இரண்டேகால் மணிக்குத் திரையில் வெப்பநிலை எண்கள் மறைந்து, நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: புதுப்பிப்பு நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம், 12 சதவீதம். என் ஆபீஸ் மேஜையில் பில் போடும் கணினியும் மாதத்துக்கு ஒருமுறை இதையேதான் சொல்லும். நானும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவேன். ஆனால் டிரையருக்குள் அப்போது 120 டிகிரிக்கு மேல் சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது.

தட்டை அதிர வைத்துத் தூளை நகர்த்தும் மோட்டாருக்கு ஒரு டிரைவ், அதாவது அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி, உண்டு. அது கணினியிடமிருந்து செய்தி நின்றதும் தானும் நின்றுகொண்டது. புத்திசாலி. ஹீட்டர் விசிறிக்கோ கடைசியாக வந்த கட்டளையே வேதவாக்கு. அது ஓடிக்கொண்டே இருந்தது. அதாவது தூள் நகரவில்லை, காற்று மட்டும் நிற்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் கருகல் வாடை வந்தது, அடுத்ததாகப் புகை. ஹீட்டருக்கு விறகு போடும் எங்கள் ஃபயர்மேன் ஓடிப்போய் அந்தச் சிவப்பு பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார், உள்ளங்கையால் குத்தியும் பார்த்தார். திரையில் 34 சதவீதம்.

ஏன் நிற்கவில்லை என்பது மறுநாள் குன்னூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பட்டனிலிருந்து வரும் கம்பி மோட்டாருக்கு மின்சாரத்தை விடவும் அறுக்கவும் செய்கிற சுவிட்சான கான்டாக்டருக்கு நேராகப் போகவில்லை. கணினிக்குப் போகிறது. பட்டன் அமுங்கியதைக் கணினி பார்த்து, புரிந்துகொண்டு, பிறகு விசிறியை நிறுத்தும்படி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் அந்த நேரம் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மெயின் சுவிட்சைத்தான் இழுத்தோம். ஷெட் முழுக்க இருட்டு. ஹீட்டரில் நெருப்பு இருக்கும்போது விசிறி நின்றால் உள்ளே குழாய்கள் பழுக்கக் காய்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் அதைச் செய்த ஃபயர்மேனுக்கு வலது முன்கையில் தீக்காயம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம், இப்போது ஆறிவிட்டது. ஆனால் 19 வருஷமாக இந்த வேலை பார்க்கிற அவர் அதற்குப் பிறகு அந்தப் பெட்டிப் பக்கமே திரும்புவதில்லை. கருகிப்போன தூள் சுமார் 180 கிலோ.

உங்கள் சர்வீஸ் எண்ணுக்குக் காலையில் பேசினேன். ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து வந்த மின்னஞ்சலில், கணினியை இணையத்தோடு இணைத்திருந்ததும் ஆபரேட்டருக்குப் பயிற்சி போதாததும்தான் காரணம் என்று இருந்தது, புகார் முடிக்கப்பட்டது என்றும் இருந்தது. ஐயா, இணைய இணைப்பு இருந்தால்தான் வாரண்டி செல்லும் என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியது நீங்கள். சிவப்பு பட்டனை அழுத்துவதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

நான் கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிற ஆள் இல்லை. ஆனால் உங்கள் பெட்டியில் ஓடுகிற, மேஜைக் கணினிக்கான இயங்குதளம் என்பது எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. வைரஸ் தேடும், பிரிண்டரைத் தேடும், நடுவில் நம் வேலையையும் பார்க்கும். இத்தனை மில்லி செகண்டுக்குள் கட்டாயம் பதில் தருவேன் என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. அந்த உத்தரவாதத்துக்கென்றே க்யூஎன்எக்ஸ், விஎக்ஸ்வொர்க்ஸ் போன்ற நிகழ்நேர இயங்குதளங்கள் பல வருஷமாக இருக்கின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஊரில் பல மில்களில் இருக்கும் சாதாரண பிஎல்சி, அதாவது இயந்திரம் ஓட்டுவதற்கென்றே செய்த சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி, போதும்.

உங்கள் என்ஜினீயர் ஒருவர், கடற்படைக் கப்பலிலேயே இதே மாதிரி கணினி வைக்கிறார்கள் சார் என்று போனில் சொன்னார். வைத்தார்கள், உண்மைதான். 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் யார்க்டவுன் கப்பலில் விண்டோஸ் என்டி கணினிகள் இருந்தன. ஒருவர் திரையில் எண் நிரப்பும் ஒரு கட்டத்துக்குள் பூஜ்யம் என்று பதிய, மென்பொருள் அதைக் கொண்டு வகுக்கப் போய், கணினி வலையமைப்பே விழுந்து, கப்பல் கடலில் உந்துவிசை இல்லாமல் நின்றது. தப்பு விண்டோஸில் இல்லை, அதன்மேல் ஓடிய மென்பொருளில்தான் என்று வாதாடியவர்களும் உண்டு. இருக்கட்டும். நின்றது கப்பல்தானே?

என்னைக் கேட்டால் இதைவிடப் பொருத்தமான உதாரணம் தெராக்-25. அது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். அதற்கு முந்தைய மாடலில், தப்பான அளவு போகாமல் தடுக்கத் தனியாக மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு போனது, சிலர் இறந்தார்கள். அதில் மேஜைக் கணினியின் இயங்குதளம் இல்லை. ஆனால் கம்பியின் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்த அதே தவறுதான் என் டிரையரிலும் நடந்திருக்கிறது. நான் கழித்துப்போட்ட 22 வருஷத்துப் பழைய டிரையரில், பட்டனை அழுத்தினால் மோட்டாரை ஓட்டும் சுவிட்சான ஸ்டார்ட்டர் டப்பென்று விழும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

எங்கள் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். குன்னூருக்கு ஏறும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். 1899இலேயே குன்னூர் வரை வந்துவிட்ட ரயில் அது. என்ஜினில் பிரேக் இருந்தாலும் பெட்டிக்குத் தனியாக ஓர் ஆள், தனியாக ஒரு பிரேக். சரிவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடும் இயந்திரத்தின் மின்சாரத்தை அவசரத்தில் துண்டிக்க ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் தகுந்த சாதனம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 24ஆம் பிரிவில் எழுதியிருந்தார்கள். ஓர் ஆய்வாளர் வந்து உங்கள் பட்டனைக் காட்டச் சொன்னால் நான் எதைக் காட்டுவது?

எனக்கு வேண்டியது இதுதான். அவசர நிறுத்தப் பட்டனைக் கணினியிலிருந்து பிரித்து, கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நேராக அறுக்கும்படி கம்பி போட்டுத் தர வேண்டும். பட்டன் அமுங்கியதும் சூடான காற்றை டிரையருக்குள் விடாமல் வெளியே திருப்பும் கதவான டேம்பர், மின்சாரம் இல்லாமலே எடையால் விழுந்து திறக்க வேண்டும். வெப்பம் எல்லை மீறினால் தானாகத் துண்டிக்கும் தனி தெர்மோஸ்டாட் ஒன்று வேண்டும். ஓட்டும் வேலை பிஎல்சிக்குப் போகட்டும், கணினி எண்களைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கட்டும். அது செத்துப்போனால் பிஎல்சி அதைக் கவனித்து எல்லாவற்றையும் முறையாக நிறுத்த வேண்டும். இவை எதற்கும் நான் பணம் தருவதாக இல்லை. தூளின் விலையும் ஃபயர்மேனின் வைத்தியச் செலவும் தனிக் கணக்கு, ரசீதுகளை இணைத்திருக்கிறேன். உங்களிடம் இதே பெட்டியை வாங்கிய மற்ற ஃபேக்டரிகளுக்கும் எழுத்தில் எச்சரிக்கை அனுப்பி, அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். அவர்களில் இரண்டு பேர் எனக்குப் பழக்கம். அவர்களுக்கு நானே போனில் சொல்லிவிட்டேன்.

30 நாளுக்குள் ஆள் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தையும், பெட்டியைத் திறந்து எடுத்த போட்டோக்களையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்புவேன்.

இப்போதைக்கு டிரையரைப் பழைய ஸ்டார்ட்டர்களை மாட்டி ஓட்டுகிறோம். உங்கள் கணினி அணைந்து கிடக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற என்ஜினீயர் வயரிங் படத்தோடு வரட்டும், எங்களுக்கு நீங்கள் கொடுத்ததில் அந்தப் பக்கம் இல்லை. மழை இருந்தால் குஞ்சப்பனை வழியாக இரவில் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தொழிற்சாலை உரிமையாளர்,
கோத்தகிரி.

இணைப்பு: ரசீதுகள், போட்டோக்கள், ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம்.