தமிழ் ஸ்லைடுகளை யுனிகோடில் தயாரிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிற்சி வகுப்புகளுக்கான பிபிடி (பவர்பாயின்ட் ஸ்லைடு) கோப்புகளைப் பலர் சேர்ந்து இணையவழி மென்பொருளில் திருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே கோப்பை ஏற்றி, பிடிஎஃப் ஆகவோ ஓடிபி (ODP) எனும் திறந்த ஸ்லைடு வடிவமாகவோ மாற்றும்போது தமிழ் எழுத்துகள் குலைந்துபோனால், பழி மென்பொருளின் மீதே விழுகிறது. பெரும்பாலும் குறை, நாம் தட்டச்சு செய்யும் முறையில்தான் இருக்கிறது.

கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடுடன் இணைத்துப் பயன்படுத்தப்படும் கொலாபரா ஆன்லைன் என்ற இணையவழி மென்பொருள், லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. கோப்பைத் திறப்பதும் வடிவம் மாற்றுவதும் சர்வரில் நடப்பதால், நம் கணினியில் எந்த எழுத்துரு இருக்கிறது என்பது அங்கே கணக்கில் வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களோ, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு சர்வரில் இல்லாவிட்டால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் கொண்ட உலகப் பொதுத் தரமான யுனிகோடில் அடித்த கோப்பில், லதா என்ற எழுத்துருவுக்குப் பதிலாக நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு வந்தால், எழுத்தின் அகலம் மாறிக் கடைசி வரி பெட்டிக்கு வெளியே போகலாமே தவிர, சொல் சொல்லாகவே இருக்கும்.

சொந்தக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதுமே என்பார் உண்டு. எழுத்துரு கோப்புக்குள் பதிந்துவிடுவதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பாமினியில் அடித்ததைத் தமிழில் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானில் கேட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே காதில் விழும். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டிருக்கிறது. ஆகவே, கோப்புகளைக் கேட்டு வாங்கும் அலுவலகங்கள் யுனிகோடில் உள்ளவற்றையே ஏற்க வேண்டும். பிடிஎஃபில் அசைவூட்டம் தங்காது, பாடம் மாறும்போது திருத்துவதும் கடினம் என்பதால் மூலக் கோப்பையும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ, லோகித் தமிழ் எழுத்துருக்களைச் சர்வரில் நிறுவுவது பெரிய வேலையன்று.

பழைய கோப்புகள்தாம் சிக்கல். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் உள்ளன. ஆயினும் ஆங்கிலச் சொற்கள் கலந்த ஸ்லைடை அப்படியே மாற்றியில் இட்டால் அந்தச் சொற்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும் என்பதால், பெட்டி பெட்டியாகப் பிரித்தே மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த வேலையை ஆசிரியர்கள் தலையில் தனித்தனியே சுமத்தாமல், பயிற்சி நடத்தும் நிறுவனங்களே ஏற்றுச் செய்து, திருத்திய கோப்புகளை அனைவருக்கும் பொதுவில் வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
மதுரை.