பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே

குன்னூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

புது மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டு, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி நீ நிற்கும் படத்தை அம்மா ஒரு நாளில் நாலைந்து முறையாவது எடுத்துப் பார்க்கிறாள். உன் முகத்திலிருந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு, அன்று தொலைபேசியில் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேனே என்று வருந்தினேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை கண்ணு. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். கடிதமாக இருந்தால் இன்னொரு முறை எடுத்துப் படிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று நான் சொல்லப்போவதில்லை. இரவுப் பணி முடிந்து பேருந்துக்காக ஒரு மணி நேரம் நின்றதையும், ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரோடு நெருக்கிக்கொண்டு போனதையும் நீ சொல்லக் கேட்டிருக்கிறேன். உன் சம்பாத்தியத்தில், உன் தேவைக்கு வாங்கினாய், அதில் தவறில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி உனக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி குறைவு, ஏனென்றால் நான் அதை அதிகம் ஓட்டியவன் அல்லன். ஆனால் அதன்மேல் மோதக்கூடிய பேருந்தை முப்பத்தோராண்டு காலம் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றி இறக்கியவன். அந்த இருக்கையிலிருந்து உன்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிவார்கள், எங்கே தெரியவே மாட்டார்கள் என்பதை என்னைவிடத் தெளிவாக உனக்கு யாரும் சொல்ல முடியாது.

நீ மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டில் நான் இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தது உனக்கு நினைவிருக்கலாம். முதுகுவலி என்று உன்னிடம் சொன்னோம். அது உண்மையன்று. மேட்டுப்பாளையம் ஊருக்குள், பகல் பதினோரு மணி சுமாருக்கு, பயணிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியைப் பணிமனைக்குள் கொண்டுபோக வலப்புறம் திரும்பினேன். மழையில்லை, மூடுபனியில்லை, நல்ல வெயில். எதிர்த்திசையில் வரும் வண்டிகளைப் பார்த்தேன். ஒரு லாரி போகும்வரை நின்றேன். மறுபடியும் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. திருப்பினேன். பேருந்தின் முன்புற மூலையில் தகரம் நசுங்கும் ஓசை கேட்டது. இறங்கி ஓடியபோது ஓர் இளைஞன் தார்ச்சாலையில் கிடந்தான். அவனுடைய தலைக்கவசம் தனியே உருண்டுபோய் நடைபாதைக் கல்லில் இடித்துக்கொண்டு நின்றிருந்தது. அதன் நாடா மாட்டப்படாமல் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் நான் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த நாடாதான்.

அவன் பிழைத்துக்கொண்டான். தொடையெலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, அறுவை சிகிச்சை செய்து, ஒரு கால் சற்றுக் குட்டையாகிப்போனது. ஒரு வாரம் கழித்து, அவனுடைய வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயத்தோடு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். அவன் என்னைத் திட்டவில்லை. "நீங்க என் பக்கம் திரும்பிப் பாத்தீங்களே அண்ணா. பாத்துட்டீங்கன்னுதான் நான் வேகத்தைக் குறைக்கல" என்றான். உன்னிடம் நான் சொல்ல வேண்டிய எல்லாமும் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது, கயல். நான் அவன் பக்கம் திரும்பியது உண்மை. என் முகம் அவனுக்குத் தெரிந்ததும் உண்மை. அவன் மட்டும் என் கண்ணில் படவேயில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாளாயிற்று. முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கும். பேருந்தில் அதன்மேல் பக்கக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உன் கட்டைவிரலை மறு கண்ணுக்கு அருகில் நிறுத்திப் பார். எதிர்ச்சுவரில் ஓர் ஆளே மறைந்துபோவான். கார் அந்தத் தூணுக்குப் பின்னால் முழுதும் மறையாது, இரு பக்கமும் துருத்திக்கொண்டு தெரியும். மோட்டார் சைக்கிள் முழுதாக மறைந்துவிடும். பேருந்து மெல்ல நகர்ந்து திரும்பும்போது அந்தத் தூணும் கூடவே நகர்வதால், வருகிறவன் பல நொடிகள் அதன் நிழலிலேயே வரக்கூடும். நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் தூணைத்தான் பார்த்திருக்கிறேன்.

பின்னர் எங்களுக்கு நடந்த பாதுகாப்புப் பயிற்சி ஒன்றில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கையைப் பற்றிச் சொன்னார்கள். வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட வேண்டிய மற்ற வண்டிக்காரர் வழிவிடாததே காரணமாக இருந்ததாம். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை, அல்லது கவனிக்கும்போது காலம் கடந்திருந்தது. ஆபத்து தெரிந்த நொடியிலிருந்து மோதும் நொடிவரை ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை, அந்தப் பையனின் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஓட்டுநரின் முகத்தை நம்பாதே. உன்னை நேருக்கு நேர் பார்ப்பதுபோல இருந்தாலும் நம்பாதே. அவருடைய வண்டியின் முன்சக்கரத்தைப் பார். முகம் உன்னை ஏமாற்றலாம், சக்கரம் ஏமாற்றாது. வண்டி நகரத் தொடங்குவதும் திரும்பத் தொடங்குவதும் முதலில் அங்கேதான் தெரியும். எதிரில் ஒருவர் வலப்புறம் திரும்பக் காத்திருந்தால், அவர் திரும்பிவிடுவார் என்றே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறை, பிரேக்கின்மேல் விரலை வை. தூணுக்குப் பின்னால் இருக்கிறோமோ என்ற ஐயம் வந்தால், சாலையில் உன் இடத்தைச் சற்று மாற்றிக்கொள். கொஞ்சம் நகர்ந்தாலும் மறைவிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

இன்னொன்று, எங்கள் மலைப்பாதையில் நான் நாள்தோறும் கண்டது. கல்லாறு தாண்டினால் குன்னூர்வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இடப்புற வளைவில் பேருந்தைத் திருப்ப வேண்டுமானால் முதலில் வலப்புறமாக அகலத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஏனெனில் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உட்புறமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். அப்படி நான் வலப்புறம் ஒதுங்கும் நேரத்தில் இடப்புறம் ஒரு வழி திறந்ததுபோல் தோன்றும். சமவெளியிலிருந்து வரும் பையன்கள், "அண்ணன் வழிவிடுகிறார்" என்று அதற்குள் நுழைவார்கள். அது வழியன்று, அடுத்த நொடியில் பின்சக்கரம் வந்து நிற்கப்போகும் இடம். இடப்பக்கக் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தை ஒட்டி நிற்பவனை ஓட்டுநரால் பார்க்கவே முடியாது. எத்தனை முறை நடத்துனரின் விசில்தான் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை.

சென்னையில் நீ போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் கொண்டை ஊசி வளைவு இல்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரிகள் இருக்கின்றன, நிறுவனங்களின் பணியாளர் பேருந்துகள் இருக்கின்றன. சந்துக்குள் திரும்ப அவையும் இதே போலத்தான் முதலில் வலப்புறம் அகலும். சிக்னலில் நிற்கும்போதும் அவற்றின் இடப்புறம் போய் நிற்காதே. ஒன்று பின்னாலேயே நில், இல்லையென்றால் ஓட்டுநருக்கு நன்றாகத் தெரியும்படி முன்னால் போய் நில். பக்கத்தில் மட்டும் வேண்டாம். பின்னால் நிற்கும்போது, அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார். தெரியவில்லையென்றால் நீயும் அவருக்குத் தெரியமாட்டாய்.

மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையைத் தடுப்பு வைத்துக் குறுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னாய். அங்கே இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கும் இடங்களில், மழை ஈரத்தில் சக்கரம் எண்ணெயில் வழுக்குவதுபோல் வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் அப்படியே. அவற்றின்மேல் திரும்பவும் வேண்டாம், பிரேக் பிடிக்கவும் வேண்டாம். ஐப்பசி மழையில் முதல் அரை மணி நேரம்தான் மோசமானது. தார்மேல் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் நீரோடு கலந்து மேலே வரும். அந்த அரை மணி நேரம் எங்காவது ஒதுங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போ. தண்ணீர் தேங்கிய இடத்தைப் பள்ளம் என்றே கொள்.

உன் வண்டி 125 சிசிக்கு மேற்பட்டது என்பதால் ஏபிஎஸ் இருக்கும்; 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும், ஆனால் நிற்க வேண்டிய தூரத்தை அது இல்லாமல் செய்துவிடாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுகிறாய். ஆபத்தைப் பார்த்து உன் விரல் பிரேக்கை அழுத்துவதற்குள்ளேயே ஒரு பேருந்தின் நீளத்துக்கும் மேல் கடந்துவிடுவாய். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்னால் போகும் வண்டிக்கும் உனக்கும் இடையே இடம் விட்டால் இன்னொருவன் நுழைந்துவிடுகிறான் என்று நீ சொல்வாய். நுழையட்டும். மறுபடியும் இடம் விடு. அதனால் நீ இழப்பது சில நிமிடங்கள்தான்.

தலைக்கவசத்தைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று அம்மா சொல்கிறாள். நாடாவைப் பற்றிச் சொல்லத் தேவையிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவே, நாடாவால் தலையோடு உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தலைக்கவசம் தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் இறப்பின் அபாயத்தை 42 சதவீதமும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். நாடா மாட்டாத கவசம் இந்தக் கணக்கில் சேராது, அது தலைக்கு முன்பே தனியே போய்விடும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதிதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் புதிது வாங்கிவிடு. துப்பட்டாவைச் சுற்றி உள்ளே செருகிக்கொள். சங்கிலியிலும் சக்கரத்திலும் அது சிக்கினால் கழுத்தைத்தான் இழுக்கும்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் மாநிலங்களிலேயே அதிகமாக, 64,105 விபத்துகள் நம் தமிழ்நாட்டில் நடந்தன. இந்த எண்களை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆரஞ்சுப் பழப் பையோடு மருத்துவமனைப் படியேறிய அந்த நாள் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்ற எண்ணம் வருகிறது.

அன்று அவன் கிடந்தபோது கூட்டம் சுற்றி நின்றது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்குமே என்று யாரும் தொடவில்லை. கடைசியில் ஒரு பூக்கார அம்மாதான் முன்வந்து அவன் அருகே உட்கார்ந்தார். இன்று அந்தப் பயம் தேவையில்லை. உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே வந்துவிட்டது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டமும் இருக்கிறது. வழியில் யாரேனும் விழுந்து கிடந்தால் நின்று 108ஐ அழை, அருகில் இரு.

தீபாவளிக்கு வண்டியிலேயே குன்னூர் வரப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். இந்த முறை வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த உடம்போடு, பண்டிகைக் கூட்டத்தில், பர்லியாறு தாண்டி மூடுபனிக்குள் நீ ஏறி வருவதை நினைத்தால் எனக்கு உறக்கம் வராது. நீலகிரி எக்ஸ்பிரஸில் வா. காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் நான் நிற்பேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அங்கே நிறுத்திவைத்திருக்கும் பேருந்தில் ஏறிப் பார்க்க அரை மணி நேரம் அனுமதி தந்திருக்கிறார். உன்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, அவருடைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் பேருந்தைச் சுற்றி நடந்து வருகிறேன். எங்கெங்கே நான் உன் கண்ணிலிருந்து மறைந்துபோகிறேன் என்று மேலேயிருந்து நீ எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா