மருத்துவ மாணவரையும் கணித மாணவரையும் ஒரு கோடையில் ஒன்றாக உட்கார வையுங்கள்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தாருக்கும், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவத்துக்குள் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள, ஆண்டுதோறும் கோடையில் இரண்டு வாரப் பயிலரங்கு ஒன்று வேண்டும். அதை நீங்கள் இரு தரப்பும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பாதை பிரியத் தொடங்குகிறது. பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளைகளில் பலரும் நீட் பயிற்சி தொடங்கியதும் கணக்கை ஓரங்கட்டிவிடுகிறார்கள். நீட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தானே! எம்.பி.பி.எஸ். சேர்ந்தபின் சமூக மருத்துவப் பாடத்தில் கொஞ்சம் புள்ளியியல் வரும், அதோடு சரி. எங்கள் பிள்ளைகளோ வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பக்கம் பக்கமாகத் தீர்ப்பார்கள். அந்தச் சமன்பாடு ஒரு நோயாளியின் ரத்தத்தில் என்ன செய்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போவார்கள்.

டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பாருங்கள். முதல் நாள் 200 மில்லிகிராம், மறுநாள் முதல் 100 என்று எழுதுவது வழக்கம். முதல் நாள் மட்டும் ஏன் இரட்டிப்பு? அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. தினம் 100 மட்டும் கொடுத்துவந்தால் உடம்பில் 100, 150, 175 என்று ஏறி 200-ஐ நெருங்கவே நாலைந்து நாள் பிடிக்கும். காய்ச்சலில் கிடப்பவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. முதல் நாளே 200 கொடுத்துவிட்டால் அந்த அளவு அன்றே வந்துவிடுகிறது. பிறகு தினம் குறைவதை 100 ஈடுகட்டுகிறது. 1 + ½ + ¼ + … என்று கூட்டிக்கொண்டே போனால் 2 வரும் என்ற பெருக்குத் தொடர்தான் இது, பள்ளிக்கூடத்துக் கணக்கு. மருத்துவ மாணவருக்கு டோஸ் மனப்பாடம், என் மாணவிக்குத் தொடர் மனப்பாடம். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இரண்டும் ஒன்று என்று புரிந்துவிடும்.

இன்னொன்று. ஒரு பரிசோதனை முகாமுக்கு 1000 பேர் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை 90 சதவீதம் சரியாகச் சொல்லும். நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக 108 பேர் கையில் பாசிட்டிவ் சீட்டு. உண்மையில் நோயுள்ளவர் 9 பேர், பன்னிரண்டில் ஒருவர். அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போய்த் தூக்கமில்லாமல் கிடக்கும் மற்ற 99 பேரிடம் என்ன சொல்வது என்பது மருத்துவர் கற்க வேண்டியது. அவர்கள் 99 பேர் என்று முன்கூட்டியே சொல்லித்தருவது கணக்கு.

இதைச் சென்னையில் கேட்க எனக்குக் காரணம் உண்டு. 1956இல் இங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. காசநோயாளியை சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும் என்று பரவலாக நம்பிய காலம். நோயாளிகளைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலேயே மருந்து, மறு பாதிக்கு அதே மருந்து சானடோரியத்தில் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமடைந்தார்கள், வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகம் காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முறையே மாறியது. யாரை எந்தப் பக்கம் போடுவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இந்த ஆய்வின் எண்களை நம் பிள்ளைகள் கையில் கொடுத்து, "நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தொற்றுநோய் எப்படிப் பரவி அடங்குகிறது என்று 1927இல் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் எழுதி, பம்பாய் பிளேக் இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த சமன்பாடுகளையும் போட்டுப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இருந்த இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் தந்த வழிமுறையையும் எடுக்கலாம். சிடி ஸ்கேன் படம் உருவாவதில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நடத்தும் விதம் பற்றிச் சில வேண்டுகோள்கள். பாதிப் பேர் மருத்துவ மாணவர்கள், பாதிப் பேர் கணித மாணவர்கள். இரண்டு வாரமும் ஜோடி ஜோடியாகவே வேலை செய்யட்டும். நாள் முழுக்க விரிவுரை வேண்டாம். காலையில் ஒரு மருத்துவர் தன் வார்டில் விடை தெரியாமல் நிற்கும் கேள்வி ஒன்றைக் கொண்டுவரட்டும், மாலைவரை பிள்ளைகள் அதோடு மல்லுக்கட்டட்டும். விளக்கம் தமிழிலும் இருக்கட்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளை, சமன்பாடு புரியாமல் வாய்மூடி இருப்பதில்லை; ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு வாய்மூடி இருக்கிறாள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாக இருந்தால்தான், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி இருந்தால்தான், எங்கள் ஊரிலிருந்து பெற்றோர் அனுப்புவார்கள். தேர்வு செய்யும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லி அதைப் படியுங்கள்.

கலைக் கல்லூரிக் கோடை விடுமுறை எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் கிடையாது என்பது தெரியும். ஆனால் 2019இல் வந்த பாடத்திட்டத்தில் எலெக்டிவ் என்று, மாணவர் விரும்பியதைத் தேர்ந்தெடுத்துப் படிக்க ஒரு காலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் இந்தப் பயிலரங்கையும் சேர்த்து வருகைப்பதிவு கிடைக்கப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும். ஆசிரியர்களைத் தருவது கணித அறிவியல் நிறுவனத்தின் கையில். முதல் ஆண்டே மதுரையிலோ திருநெல்வேலியிலோ நடத்த முடிந்தால், கணினி ஆய்வகம் தேடுவது முதல் பிள்ளைகளைச் சேர்ப்பது வரை இங்குள்ள கணித ஆசிரியர்கள் சிலரோடு நானும் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
அரசு கலைக் கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவர்