ஐடிஐ பசங்க உதவித்தொகை

பத்திரிகை ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். அரசு ஐடிஐ-ல (தொழிற்பயிற்சி நிலையத்துல) படிக்கிற பசங்களுக்கு மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், யூனிஃபார்ம் எல்லாம் குடுக்குறாங்க, நல்ல விஷயம்தான், இல்லன்னு சொல்லல. 2022-ல பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், 2024-ல பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபாயும் வந்துச்சு. ஆனா அது 6-ம் வகுப்புல இருந்தே அரசுப் பள்ளி, இல்லன்னா அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சிருந்தாதான். எட்டாவது வரைக்கும் மெட்ரிக்ல கடன வாங்கி படிக்க வச்சிட்டு, ஃபீஸ் கட்ட முடியாம கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்துன வீட்டுப் பையன் என்ன பணக்காரனா? வெல்டிங், ஃபிட்டர்னு ஒரே ஒர்க்‌ஷாப்ல பக்கத்துல நிக்கிறவனுக்கு வருது, இவனுக்கு இல்ல. இதுல பேங்க் அக்கவுன்ட்டோட ஆதார் லிங்க் ஆகலன்னா வர்ற காசும் நின்னுடும் (அத சரிபண்ண ஒருநாள் லீவு வேற). ஐடிஐ-க்கு மட்டுமாவது இந்த ஸ்கூல் கண்டிஷன எடுத்துட்டு குடும்ப வருமானத்த பாத்து குடுக்கலாமே, அரசு யோசிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஐடிஐ மாணவனோட அப்பா, திண்டுக்கல்