மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டைக் கிழித்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கணினி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூன்றாம் மாடி ஆய்வகத்தில் ஜென்டூ (மென்பொருட்களை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்துக்கொள்ளும் லினக்ஸ்) ஓடும் பதினான்கு கணினிகளோடு நான்கு வருஷமாகக் குப்பை கொட்டும் ஆய்வு மாணவன் எழுதுகிறேன். அவற்றின் ப்ரொஃபைலை, அதாவது எந்த மென்பொருள் எப்படித் தொகுபட வேண்டும் என்று சொல்லும் அடிப்படை அமைப்பை, முறையாகப் புதுப்பிக்கலாம் என்று நேரில் மூன்று முறை கேட்டேன். "ஓடுற வண்டிய ஏன்ப்பா நிறுத்தணும்?" என்பதுதான் மூன்று முறையும் பதில். அதனால் எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

போன மே மாதம் "ஒரு மெஷின் போச்சு" என்ற அளவில்தான் விஷயம் உங்கள் காதுக்கு வந்தது. நடந்தது இதுதான். மென்பொருள் நிறுவும் எமெர்ஜ் கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம், இந்த ப்ரொஃபைல் கைவிடப்பட்டது, இனி ஆதரவு கிடையாது என்ற எச்சரிக்கை மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. பழைய வீட்டுச் சுவரில் விரிசல் மாதிரி எங்களுக்கு அது கண்ணில் படுவதே நின்றுபோயிற்று. புதிதாகச் சேர்ந்த தம்பிக்குப் பட்டது. நல்ல மனசோடு சரிசெய்ய உட்கார்ந்தான். கேட்க ஆள் இல்லை. மானிட்டர் ஓரத்தில் யாரோ எப்போதோ ஒட்டிய மஞ்சள் சீட்டில் 'ப்ரொஃபைல் செட்' என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தது. அதையே தட்டினான்.

அந்த எண் ப்ரொஃபைலின் பெயர் அல்ல, பட்டியலில் அதன் வரிசை எண் மட்டும்தான். பட்டியலில் புதியவை சேர்ந்தால் எண்கள் நகரும். சீட்டு எழுதியபோது டெஸ்க்டாப்பைக் குறித்த எண், தம்பி தட்டியபோது 64-பிட் மென்பொருளை மட்டும் ஓட்டும் நோ-மல்டிலிப்பில் போய் நின்றது. மூலநிரலை ஓடும் நிரலாக்கும் கம்பைலரான ஜிசிசியும், எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியும் 32-பிட் பாதி இல்லாமல் புதிதாகத் தொகுக்கப்பட்டன. எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்டுவதோ 32-பிட் மென்பொருள். அதன் மூலநிரல் யாரிடமும் இல்லை. சரி, பழையபடி மாற்றிவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை: 32-பிட் ஜிலிப்சி இல்லாமல் மல்டிலிப் (32, 64 பிட் இரண்டுக்குமான) ஜிசிசி தொகுபடாது, அந்த ஜிசிசி இல்லாமல் 32-பிட் ஜிலிப்சி கிடைக்காது. மரம் முந்தியா விதை முந்தியா கதை. பேக்கப்பும் இல்லாததால் ஸ்டேஜ்-3 என்ற ஆரம்ப நிறுவல் கோப்பிலிருந்து ஆரம்பித்து எழுப்பினோம். ஆறு நாள். தம்பியைத் திட்டாதீர்கள், அவன் ஒருவன்தான் அந்த எச்சரிக்கையைப் படித்தவன்.

ப்ரொஃபைல் என்பது திரைக்குப் போடும் தீம் மாதிரி ஏதோ ஒன்று என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஜென்டூவின் தொகுப்பு நிர்வாகியான போர்ட்டேஜின் அடைவுக்குள் இருக்கும் ஒரே ஒரு சிம்லிங்க்தான் (இன்னோர் இடத்தைக் கைகாட்டும் குறிப்பு) அது, பார்க்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் மென்பொருளில் எந்த வசதி வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் யூஸ் கொடிகளில் எவை தானாக இயங்கும், எவை அடிப்படைத் தொகுப்புகள், கம்பைலர் எந்த இயல்போடு வேலை செய்யும் என்பதெல்லாம் அந்த லிங்க் எங்கே கைகாட்டுகிறது என்பதைப் பொறுத்தது. 2017 கடைசியில் வந்த ப்ரொஃபைல் பதிப்பு 17.0, பிஐஇ-யை (நினைவகத்தில் எந்த இடத்திலும் ஏற்றக்கூடிய நிரல்) இயல்பாக்கியது. நிரலுக்குள்ளேயே சேர்த்துத் தைக்கப்படும் பழைய ஸ்டாட்டிக் லைப்ரரிகள் புது நிரல்களோடு ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தன. 2024 மார்ச்சில் வந்த 23.0, கணினியை எழுப்பும் தொடக்க மென்பொருள், யூஎஸ்ஆர் அடைவின் அமைப்பு இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முந்தைய 17.1-இல் ஓப்பன்ஆர்சி என்ற தொடக்க மென்பொருளோடு, மற்ற நிரல் அடைவுகளை யூஎஸ்ஆருக்குள் இணைக்காமல் இருந்தவர்கள், பெயரில் ஸ்ப்ளிட்-யூஎஸ்ஆர் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். நம்முடையவை எல்லாம் அந்த ரகம். இது ஜென்டூவின் செய்தி அறிவிப்பிலேயே விளக்கமாக இருந்தது. பைன்யூட்டில்ஸ் (நிரல் துண்டுகளை இணைக்கும் கருவிகள்), ஜிசிசி, ஜிலிப்சி என்று தொகுக்கும் வரிசை மாறக்கூடாது என்பதும் இருந்தது. நம் சர்வரில் படிக்காத செய்திகள் பன்னிரண்டு.

2017, பிறகு 2024. கோயிலுக்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்கிறோம். அதற்கும் முதலில் பாலாலயம் எழுப்பி மூர்த்தியை அங்கே இருத்திவிட்டுத்தான் திருப்பணி. நான் கேட்பதும் அந்தப் பாலாலயம்தான்: ஓரமாகக் கிடக்கும் பதினைந்தாவது கணினியைச் சோதனைக்கு ஒதுக்குங்கள், ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். ப்ரொஃபைலை எண்ணால் அல்ல, முழுப் பெயரால் மாற்றுவது என்று விதி வையுங்கள். உபுண்டு என்ற வேறு லினக்ஸுக்குப் போய்விடலாம் என்ற யோசனைக்காகத் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

எம்ப்டிட்ரீ (எதையும் விடாமல் எல்லாவற்றையும் புதிதாகத் தொகுக்கும் கட்டளைத் தேர்வு) போட்டு மறுபடி தொகுக்க நேரமாகும் என்ற கவலை நியாயம்தான். ஆனால் பதினான்கும் ஒரே மாடல். ஒன்றில் தொகுத்து, ஓடத் தயாரான பைனரியாகச் சமைத்து மற்ற பதின்மூன்று இலைக்கும் பரிமாறிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே அதிகாரபூர்வமாகப் பைனரித் தொகுப்புகள் தருகிறது. நம் யூஸ் கொடிகளோடு பொருந்துகிறவற்றை அங்கிருந்தே எடுக்கலாம்.

கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு ஏசி நின்றுவிடும் அறையில் மே மாதம் குரோமியம் பிரவுசரைத் தொகுத்த இரவு, சிபியு 97 டிகிரியைத் தொட்டது. கேபினெட்டைத் திறந்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பராமரிப்பு மின்தடை நாளும் வேண்டாம், நம் யூபிஎஸ் இருபது நிமிஷம்தான் தாங்கும். பொங்கல் விடுமுறை தோதானது: சென்னை கொஞ்சம் குளிர்ந்திருக்கும், ஆய்வகத்தில் ஆள் இருக்காது.

போகிக்கு முந்தின மாலை மூன்றாம் மாடிச் சாவியை என்னிடம் கொடுக்கும்படி வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஏசிக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி ஆய்வு மாணவன்